மணத்தை விழுங்கியவர்கள்

சத்தியமங்கலத்துக்கும் ஜெர்மனிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், "ஒரு சம்பந்தமும் இல்லை" என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். பவானி ஆற்றங்கரையில், மலையடிவாரத்தில், பூ மார்க்கெட்டும் பஸ் நிலையமுமாக இருக்கும் எங்கள் ஊர் எங்கே, லைப்ஸிக் நகரம் எங்கே? ஆனால் சம்பந்தம் உண்டு. நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட சம்பந்தம். அது வாசனையின் வழியாக ஏற்பட்டது.

சென்ற சில ஆண்டுகளாகக் கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் எனக்குத் தெரிந்த வீடுகளில் ஒரு புதிய காப்ஸ்யூல் நடமாடுகிறது. வெளிநாட்டிலுள்ள பிள்ளையோ பெண்ணோ ஊருக்கு வரும்போது, சாக்லேட் டப்பாவோடும் முழங்கால் வலித் தைலத்தோடும் சேர்த்து இதையும் கொண்டுவருகிறார்கள். உள்ளே இருப்பது லாவண்டர் எண்ணெய், 80 மில்லிகிராம். தினம் ஒன்று விழுங்கினால் மனம் அமைதியடையும் என்கிறார்கள். ஆபீஸ் கவலை, பரீட்சைக் கவலை, பெண்ணுக்கு வரன் அமையாத கவலை, இரவில் தூக்கம் பிடிக்காமல் புரளுவது, எல்லாவற்றுக்கும் இதையே ஒருவர் மற்றவருக்குச் சிபாரிசு செய்கிறார். இப்போது இதற்கெல்லாம் பொதுவாக 'ஸ்ட்ரெஸ்' என்று பெயர். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வேறு சொல் உண்டு. "என்னமோ ஒரே ரோசனையா இருக்குதுங்க" என்பார்கள். யோசனைதான் ரோசனை ஆயிற்று. யோசிப்பதையே ஒரு நோவாகச் சொல்லத் தெரிந்த ஜனங்கள் எங்கள் ஜனங்கள்.

லாவண்டர் என்றால் நம்மில் பலருக்கு முகப் பவுடர்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அது மருந்தாக இருந்த காலம் மிகப் பழையது. கிரேக்க வைத்தியர் டயாஸ்கொரிடீஸ், பிரான்ஸின் தென்கரைக்கு எதிரேயுள்ள சில தீவுகளின் பெயரால் அழைக்கப்பட்ட ஒரு செடியைப் பற்றி முதல் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். அது லாவண்டரின் ஒன்றுவிட்ட சகோதரி. கிரேக்கரிடமிருந்து அராபியரிடம் வந்து, அராபியரிடமிருந்து யுனானி வைத்தியத்தின் மூலம் நம் நாட்டுக்கும் வந்துவிட்டது. யுனானி ஹகீம்கள் அதற்கு 'உஸ்துகுத்தூஸ்' என்று பெயர் சொல்வார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த பட்டப் பெயர்தான் பிரமாதம்: மூளையைப் பெருக்கும் துடைப்பம்! தலைக்குள் சேர்ந்த குப்பையை அது கூட்டித் தள்ளுமாம். ரோசனைக்கு இதைவிடப் பொருத்தமான மருந்துப் பெயரை நான் கேள்விப்பட்டதில்லை.

நவீன காலத்தில் இந்தச் செடிக்கு மறுபடியும் மருத்துவ மதிப்பைத் தேடிக் கொடுத்தவர் பிரான்ஸ் தேசத்து லியோன் நகரத்துக்காரர் ஒருவர். ரெனே மோரிஸ் காத்ஃபோஸே என்பது அவர் பெயர். வாசனைத் திரவியம் செய்யும் குடும்பத்தில் பிறந்த ரசாயன நிபுணர். 1910-ல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் தீ விபத்து நேர்ந்து கைகள் வெந்துவிட்டன. புண்ணும் அழுகத் தொடங்கியது. லாவண்டர் எண்ணெயால் கழுவியதும் அது அடங்கிற்று என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். 1937-ல் அவர் வெளியிட்ட புத்தகத்திலிருந்துதான் 'அரோமாதெரபி' என்ற சொல் உலகத்தில் பரவியது. கவனியுங்கள்: அவர் கழுவினாரே தவிர விழுங்கவில்லை.

விழுங்க வைத்தவர்கள் ஜெர்மானியர். கார்ல்ஸ்ரூ நகரத்திலுள்ள ஷ்வாபே கம்பெனி, சுத்தமான லாவண்டர் எண்ணெயைக் காப்ஸ்யூலுக்குள் அடைத்து, முறையாக நோயாளிகளிடம் பரிசோதித்தது. 2010-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் 221 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பாதிக்கு லாவண்டர், மறு பாதிக்கு ஒன்றுமில்லாத பொய்க் காப்ஸ்யூல். பத்து வாரத்துக்குப் பிறகு பார்த்தபோது லாவண்டர் சாப்பிட்டவர்களுக்குக் கவலையும் பதற்றமும் அதிகமாகக் குறைந்திருந்தன. அதே ஆண்டில் 77 பேரிடம் நடந்த மற்றோர் ஆராய்ச்சியில், லோராஸெபாம் என்ற தூக்க மருந்தின் சிறிய அளவுக்கு இது ஏறக்குறைய ஈடு கொடுத்தது. 2014-ல் 539 பேரிடம் இன்னும் பெரிதாக ஒன்று நடந்தது. ஆகவே, சும்மா நாட்டு வைத்தியக் கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. அதே சமயம், இந்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை மருந்தைச் செய்யும் கம்பெனியின் செலவில் நடந்தவை என்பதையும் மறக்க வேண்டியதில்லை. பலன் தெரிய இரண்டு வாரமாவது ஆகும். முக்கியமான பக்க விளைவு ஏப்பம். அந்த ஏப்பத்திலும் லாவண்டர் மணக்குமாம்!

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். கடையில் சீசாவில் விற்கும் வாசனை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விட்டுக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். அது வேறு, இது வேறு. சீசா எண்ணெய் முகர்வதற்கு. விழுங்கினால் ஆபத்து, குழந்தைகளுக்கு மிகவும் ஆபத்து. காப்ஸ்யூலும்கூடக் கர்ப்பிணிகளுக்கும், ஏற்கனவே தூக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் டாக்டரைக் கேட்காமல் கூடாது. நான் டாக்டர் அல்ல. கதை எழுதுகிறவன். என் அக்கறை கதையில்.

ஷ்வாபே என்ற பெயர் நம் ஊர் ஹோமியோபதி வைத்தியர்களின் அலமாரியில் பலர் பார்த்திருக்கக்கூடிய பெயர்தான். அந்தக் கம்பெனி கார்ல்ஸ்ரூவில் பிறந்ததல்ல. 1866-ல் லைப்ஸிக் நகரத்தில் பிறந்தது. அதே லைப்ஸிக்கில் ஷிம்மல் என்ற மற்றொரு பெரிய ஸ்தாபனம் இருந்தது. உலகத்திலுள்ள வாசனைப் பொருள்களையெல்லாம் வரவழைத்து எண்ணெய் வடிப்பது அதன் தொழில். அங்கே வந்து இறங்கிய சரக்குகளில் ஒன்று, மைசூர்ப் பக்கத்து மலைகளிலிருந்து கப்பலேறிப் போன சந்தனம். லாவண்டர் காப்ஸ்யூலுக்கு ஒரு மூத்த அண்ணன் உண்டு. அதுதான் சந்தனக் காப்ஸ்யூல். அந்த அண்ணனின் கதை எங்கள் காட்டின் கதை.

நம்மவர்கள் பெரும்பாலும் மணத்தை உடம்புக்கு வெளியே வைத்துக்கொண்டவர்கள். எங்கள் அமுச்சி வீட்டில் ஒரு வட்டமான சந்தனக் கல் இருந்தது. கோடைக்காலத்தில் யாருக்காவது தலைவலி என்றாலோ, மனசு சரியில்லை என்று யாராவது திண்ணையில் சுருண்டு உட்கார்ந்தாலோ, அமுச்சி அந்தக் கல்லை எடுத்து வைத்துக்கொண்டு, விரல் நீளக் கட்டையைத் தண்ணீர் தெளித்து உரைப்பாள். அவசரப்படமாட்டாள். ஒரு நெற்றிக்கு வேண்டிய விழுது சேர ஏழெட்டு நிமிஷம் ஆகும். தேய்க்கிற சத்தமே பாதி வைத்தியம் என்று இப்போது தோன்றுகிறது. விழுதை நெற்றியில் அப்பிவிட்டு, "சும்மா படு சாமி, காயட்டும்" என்பாள். காய்கிறவரை பேசக்கூடாது, பேசினால் உதிர்ந்துவிடும்! பேசாமல் கால் மணி நேரம் படுத்திருந்தால் எந்த ரோசனையும் கொஞ்சம் இறங்கத்தானே செய்யும்?

சித்த வைத்தியத்திலும் யுனானியிலும் சந்தனம் கஷாயமாகவும் சர்பத்தாகவும் உள்ளே போனதுண்டு. எண்ணெய் வடிக்க நமக்குத் தெரியாது என்றும் நினைக்க வேண்டாம். கன்னோஜ் நகரத்து அத்தர்க்காரர்கள் செப்புப் பானையில் ரோஜாவையும் மல்லிகையையும் காய்ச்சி, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில்தான் பிடித்து வைத்தார்கள். ஆனால் வடித்த எண்ணெயை அளந்து, உருண்டைக்குள் அடைத்து, பெயர் அச்சடித்து, உலகமெங்கும் விளம்பரம் செய்து விழுங்க வைத்தது ஐரோப்பா.

சந்தன மரம் ஒரு விசித்திரமான பிறவி. தானாக நின்று பிழைக்கத் தெரியாதது. அதன் வேர் பக்கத்து மரத்தின் வேரைத் தேடிப் போய், ஒட்டிக்கொண்டு, அதிலிருந்து சத்தை உறிஞ்சும். விதையை விதைப்பவை பறவைகள். கருத்த பழத்தைத் தின்றுவிட்டு வேலியோரத்திலும் புதர் அடியிலும் எச்சமிட்டுப் போகும். செடி முளைத்து மரமானாலும் உடனே மணக்காது. வெளிக்கட்டையில் வாசனை கிடையாது. உள்ளே வைரம் பாய வேண்டும். அதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகலாம். நல்ல வைரம் சேர முப்பது வருஷமும் அதற்கு மேலும் வேண்டும். வேரில்தான் எண்ணெய் அதிகம். ஆகவே சந்தனத்தை வெட்டுகிறவன் அடியோடு தோண்டி எடுப்பான். மற்ற மரம்போல் அடிக்கட்டையை விட்டுவிட்டுப் போகமாட்டான்.

1792-ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் சந்தனத்தை ராஜ விருட்சம் என்று அறிவித்தார். அதே ஆண்டில்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் தம் ராஜ்யத்தில் பாதியை இழந்து, இரண்டு பிள்ளைகளையும் பிணையாகக் கொடுத்தார். மீதிப் பாதியில் சத்தியமங்கலமும் இருந்தது. அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்பு, 1790 செப்டம்பரில், கஜலெட்டிக் கணவாய் வழியாக அவர் படை இறங்கி வந்து, எங்கள் ஊருக்கு அருகிலேயே கர்னல் பிளாய்டின் ஆங்கிலப் படையை மோதிப் பின்வாங்கச் செய்திருந்தது. அந்தக் கணவாய்ப் பாதையைக் காத்துக்கொண்டிருந்த டணாயக்கன் கோட்டை, 1955-ல் பவானிசாகர் அணை வந்ததிலிருந்து தண்ணீருக்குள் இருக்கிறது. அணை வற்றுகிற வருஷங்களில் தலையைக் காட்டும். படையும் பீரங்கியும் போன அதே மலைகளில்தான் சந்தனம் வளர்ந்தது. 1799-ல் திப்பு மாண்டார், கோயம்புத்தூர்ச் சீமை கம்பெனியார் கைக்குப் போயிற்று. கொடி மாறியதே தவிர மரத்தின் மேலிருந்த அதிகாரத்தின் கண் மாறவில்லை.

அந்த மரம் எங்கே போயிற்று? சர்க்கார் சந்தனக் கிடங்குகளில் கட்டைகளைப் பதினெட்டுத் தரமாகப் பிரிப்பது வழக்கம். சத்தியமங்கலத்திலும் அப்படி ஒரு கிடங்கு உண்டு; திருப்பத்தூரில் இன்னொன்று. தரங்களின் பெயரிலேயே சரித்திரம் இருக்கிறது. முதல் தரத்துக்கு 'விலாயத் புத்' என்று பெயர், சீமைக்குப் போகிற கட்டை. இரண்டாம் தரம் 'சைனா புத்', சீனாவுக்குப் போகிற கட்டை. அப்புறம் பஞ்சம், கோட்லா என்று இறங்கிக்கொண்டே போய், கடைசியில் செதுக்கலும் மரத்தூளும். உசத்தியான கட்டை சீமைக்கு, அடுத்தது சீனத்து விக்கிரகத்துக்கும் ஊதுவத்திக்கும். எங்கள் அமுச்சியின் கல்லில் தேய்ந்தது எந்தத் தரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சீமைக்குப் போன கட்டையில் ஒரு பெரும் பங்கு ஜெர்மனிக்குப் போயிற்று. அங்கே தூளாக்கி, நீராவியில் நாள்கணக்கில் காய்ச்சி வடித்தார்கள். நூறு கிலோ வைரத்துக்கு ஐந்து கிலோ எண்ணெய் வந்தால் நல்ல மகசூல். அந்த எண்ணெய் வாசனைக் கடைக்கு மட்டும் போகவில்லை. மருந்துக் கடைக்கும் போயிற்று. பிரிட்டிஷ் மருந்து நூலிலேயே சந்தன எண்ணெய்க்கு இடம் இருந்தது. பாரிஸில் மிடி என்ற மருந்துக்காரர் அதைச் சின்னஞ்சிறு காப்ஸ்யூல்களில் அடைத்து, ஒவ்வொன்றின் மேலும் தம் பெயரைப் பொறித்து விற்றார். 'ஸான்டால் மிடி' என்று அதற்குப் பெயர். 48 மணி நேரத்தில் குணம் என்று பத்திரிகைகளில் விளம்பரம் வந்துகொண்டே இருக்கும். எதற்குக் குணம் என்பதை மட்டும் விளம்பரம் கொஞ்சம் மூடி மறைத்துச் சொல்லும். நானும் அப்படியே சொல்லலாம். ஆனால் சரித்திரம் எழுதும்போது கூச்சப்பட்டுப் பயனில்லை. அது வெட்டை நோய்க்கு மருந்து. பட்டாளத்துக்காரர்களும் மாலுமிகளும் விழுங்கினார்கள். கௌரவமான குடும்பஸ்தர்களும் அலமாரியின் பின்பக்கத்தில் வைத்திருந்து விழுங்கினார்கள். நம் ஸ்வாமி நெற்றியில் வைக்கிற சந்தனம் ஐரோப்பியனுக்கு எந்த நோய்க்குப் போயிற்று பாருங்கள்!

1914-ல் யுத்தம் வந்தது. ஜெர்மனிக்குக் கப்பல் நின்றது. மைசூர் சமஸ்தானத்துக் கிடங்குகளில் சந்தனம் மலைபோல் தேங்கியது. மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார்; திவான் விசுவேசுவரய்யா. இருவரும் சும்மா உட்கார்ந்திருக்கிறவர்கள் அல்ல. தொழில் இலாகாவைப் பார்த்துக்கொண்ட ஆல்பிரட் சாட்டர்டனும், பெங்களூர் விஞ்ஞானக் கழகத்துப் பேராசிரியர்கள் ஸட்பரோவும் வாட்ஸனும் சேர்ந்து, எண்ணெய் வடிக்கும் வித்தையை இங்கேயே செய்து பார்த்துவிட்டார்கள். 1916-ல் தொழிற்சாலை தொடங்கிற்று. அந்த எண்ணெயிலிருந்து இரண்டு வருஷத்தில் மைசூர் சாண்டல் சோப்பும் பிறந்தது. கட்டையாகப் போய் எண்ணெயாகத் திரும்பி வந்த பொருள், முதல் முதலாகப் பிறந்த சீமையிலேயே எண்ணெயாயிற்று. நம் நாட்டுக் கைத்தொழில் சரித்திரத்தில் எனக்குப் பிடித்த அத்தியாயங்களில் இது ஒன்று.

சந்தனக் காப்ஸ்யூல் என்ன ஆயிற்று? முப்பதுகளின் கடைசியில் ஸல்பா மருந்துகள் வந்தன; நாற்பதுகளில் பெனிஸிலின் வந்தது. நோயின் கிருமியையே கொல்லுகிற மருந்து வந்தவுடன், வாசனைக் காப்ஸ்யூல் சத்தம் போடாமல் கடையை விட்டு இறங்கிப் போய்விட்டது. அரை நூற்றாண்டுக் காலம் பெரிய பெரிய டாக்டர்கள் எழுதிக் கொடுத்த மருந்து அது. லாவண்டர் காப்ஸ்யூலின் கதியும் இதுவாகத்தான் இருக்கும் என்று நான் ஆரூடம் சொல்லவில்லை. அதற்குப் பரிசோதனை இருக்கிறது, இதற்கு அந்த மாதிரி இருந்ததில்லை.

மருந்துக் கடையை விட்டு இறங்கினாலும் சந்தனத்தின் விலை இறங்கவில்லை. சோப்பு, ஊதுவத்தி, அத்தர், பாக்கு, பாரிஸ் நகரத்து வாசனைப் புட்டிகள் எல்லாம் அதைக் கேட்டன. மரமோ குறைந்துகொண்டே வந்தது. 1899-லேயே குடகில் ஒரு நோய் தென்பட்டது. இலை சிறுத்து, கொம்பு ஈட்டிபோல் நிமிர்ந்து, இரண்டு மூன்று வருஷத்தில் மரம் பட்டுப் போகும். நோய் ஒரு பக்கம், கோடாலி ஒரு பக்கம். சர்க்கார் மேலும் மேலும் சட்டத்தை இறுக்கியது. பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தனத்தையும் சொந்தக்காரன் தன் இஷ்டப்படி வெட்ட முடியாது. இதன் பலன் என்ன தெரியுமா? எங்கள் தோட்டத்துக் கிணற்று மேட்டில் ஒரு தடவை சந்தனக் கன்று முளைத்திருந்தது. ஏதோ கொண்டைக்குருவியின் கைங்கர்யம். நான் ஆசையோடு போய்ச் சொன்னேன். அமுச்சி எழுந்து வந்து பார்த்தாள். "பிடுங்கி எறி கண்ணு. இது வளந்தா நம்ம தூக்கம் போயிரும்" என்றாள். தலைவலிக்குச் சந்தனம் உரைத்துப் போடுகிற அதே கை, ஒரு சாண் உயரக் கன்றை வேரோடு பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தது. அந்தக் காலத்தில் எத்தனை தோட்டங்களில் எத்தனை கன்றுகள் இப்படிப் போயிருக்கும்!

தூக்கம் போகும் என்று அவள் சொன்னது வெறும் பேச்சல்ல. சத்தியமங்கலத்துக்கு வடக்கே திம்பம் மலைப்பாதை 27 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறிப் போகிறது. மேலே ஆசனூர், தலைமலை, தாளவாடி. அப்பால் மைசூர்ச் சீமை. என் பள்ளிக்கூட நாட்களில் அந்த மலையின் பெயரைச் சொன்னாலே வீட்டில் பேச்சு நின்றுவிடும். வீரப்பனை நான் வர்ணிக்கப் போவதில்லை. அவனைப் பற்றிச் சினிமாவும் புத்தகமும் வேண்டிய மட்டும் வந்துவிட்டன. யானைத் தந்தத்திலும் சந்தனக் கட்டையிலும் தொடங்கிய கடத்தல், நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 2000 ஜூலை 30-ஆம் தேதி தாளவாடிக்கு அருகிலுள்ள தொட்டகாஜனூரில் கன்னட நடிகர் ராஜ்குமாரைப் பிடித்துக்கொண்டு போய் 108 நாள் காட்டில் வைத்திருந்தபோது, இரண்டு மாநிலங்களும் தூங்கவில்லை. 2004 அக்டோபர் 18-ஆம் தேதி அவன் சுட்டுக் கொல்லப்பட்டான்.

பேர் தெரிந்தவர்கள் தூக்கம் இழந்தது பத்திரிகையில் வந்தது. பேர் தெரியாதவர்கள் கதை அவ்வளவு வரவில்லை. காட்டுக்குள் தலைமுறை தலைமுறையாக இருந்த சோளகரும் ஊராளிகளும் இரண்டு பக்கத்திலும் அடிபட்டார்கள். அவனுக்கு அரிசி கொடுத்தாயா என்று ஒரு கூட்டம் கேட்கும். எங்களைக் காட்டிக் கொடுத்தாயா என்று மற்றொரு கூட்டம் கேட்கும். தேசிய மனித உரிமைக் கமிஷன் 1999-ல் நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அதன் முன் மலைஜனங்கள் வந்து, அதிரடிப் படை முகாம்களில் தங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னார்கள். மின்சாரம் பாய்ச்சியதைச் சொன்னார்கள். அடைத்து வைத்துச் சித்திரவதை செய்த இடத்துக்கு 'ஒர்க்ஷாப்' என்று பெயர் இருந்ததாம். 2007-ல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் நிவாரணம் தர உத்தரவாயிற்று. இந்தக் காட்டின் துயரத்தை ச. பாலமுருகன் 'சோளகர் தொட்டி' என்று நாவலாகவே எழுதினார், 2004-ல் வெளிவந்தது. நாவல் படிக்கிற வழக்கமுள்ளவர்கள் அதைப் படிக்காமல் இருக்கக் கூடாது.

தர்மபுரி மாவட்டத்தில் அரூர்ப் பக்கம் வாச்சாத்தி என்று ஒரு கிராமம். 1992 ஜூன் 20-ஆம் தேதி, பதுக்கிய சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றையும் சேர்ந்தவர்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். வழக்கு பத்தொன்பது வருஷம் நடந்தது. 2011 செப்டம்பரில் தர்மபுரி கோர்ட்டு குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் அவர்களில் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். 2023 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்து, அந்தப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. சம்பவம் நடந்து முப்பத்தோரு வருஷம் கழித்து!

இந்த வழக்குகளின் விவரங்களையெல்லாம் நான் உட்கார்ந்து படித்தேன். வெட்டியவன் யார், சுமந்தவன் யார், ஒளித்து வைத்தவன் யார் என்று ஏராளமாக இருக்கிறது. எந்த ஊரில் எந்த வாசனைப் புட்டிக்குள் அந்தக் கட்டை கடைசியாகப் போய்ச் சேர்ந்தது என்பது மட்டும் எங்கும் இல்லை. எண்ணெயாகிவிட்ட பிறகு கட்டைக்கு ஊர் ஏது? மன நிம்மதிக்காக ஊதுவத்தி ஏற்றியவர்களுக்கும், சந்தன மணம் கமழும் அறையில் கண்ணை மூடிப் படுத்தவர்களுக்கும் அது எந்த மலையின் மரம் என்று தெரியாது. அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது.

கர்நாடகத்தில் 2001-லும், தமிழ்நாட்டில் 2002-லும் சட்டம் திருந்தியது. பட்டா நிலத்துச் சந்தனம் சொந்தக்காரனுடையதே என்று ஆயிற்று. வெட்டவும் விற்கவும் மட்டும் அனுமதி வேண்டும். இதற்குள் நம் ஊர் மரத்தை ஆஸ்திரேலியர்கள் தங்கள் வடமேற்குக் கோடியிலுள்ள குனுநுர்ராவில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் தோட்டம் போட்டுவிட்டார்கள். எங்கள் காடு 2013-ல் புலிகள் காப்பகமாயிற்று. லாவண்டருக்கும் இப்போது நம் நாட்டில் ஒரு சீமை கிடைத்திருக்கிறது. ஜம்முவிலுள்ள பதர்வாவில் மக்காச்சோளம் போட்டுக்கொண்டிருந்த விவசாயிகள் பலர், மத்திய சர்க்காரின் விஞ்ஞானக் கூடம் கொடுத்த நாற்றை நட்டு லாவண்டர் விளைக்கிறார்கள். ஊதாப் புரட்சி என்று அதற்குப் பெயர். யாரையும் தோண்டி எடுக்காமல், வருஷா வருஷம் பூவை மட்டும் அறுத்துக் காய்ச்சுகிற பயிர் அது. பதர்வாவும் துப்பாக்கிச் சத்தம் கேட்ட மலைதான். அங்கே அந்தப் பயிர் நிலைக்கட்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி ஒரு செய்தி, ரசாயனம். லாவண்டரில் மனத்தைச் சாந்தப்படுத்துவதாக எண்ணப்படும் பொருள்களில் முக்கியமானது லினலூல். ஜப்பானில் ககோஷிமா சர்வகலாசாலையில் 2018-ல் சுண்டெலிகளிடம் இதைச் சோதித்தார்கள். லினலூலின் மணத்தை முகர்ந்த எலிகளுக்குப் பயம் தெளிந்தது. முகரும் சக்தியை அழித்துவிட்ட எலிகளுக்கு அந்த மணம் ஒன்றும் செய்யவில்லை. விழுங்கத் தேவையில்லை, மூக்கே போதும், எலிகளுக்காவது! அந்த லினலூல் வேறு எந்தப் பூவில் இருக்கிறது என்று பார்த்தால், மல்லிகையில் இருக்கிறது.

சத்தியமங்கலத்தில் இன்று சந்தனத்தைப் பற்றிப் பேசுவார் குறைவு. ஊர் மல்லிகையால் பிழைக்கிறது. சுற்றுக் கிராமங்களில் விடியற்காலம் மூன்று நான்கு மணிக்கே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் பூந்தோட்டத்துக்குள் இறங்குகிறார்கள். மொக்கு விரிவதற்குள் பறித்தாக வேண்டும்; பனியிலும் பறிக்க வேண்டும், பாம்புக்குப் பயந்துகொண்டும் பறிக்க வேண்டும். மார்க்கெட்டில் ஏலம். முகூர்த்த நாளில் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும். ஆடி மாசத்தில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் இறங்கும். அப்படி இறங்குகிற நாட்களில் மிஞ்சிய பூவெல்லாம் சென்ட் பேக்டரிக்குப் போகும். மல்லிகையைச் சந்தனம்போல் நீராவியில் காய்ச்ச முடியாது, மணம் கெட்டுவிடும். கரைப்பானில் ஊறவைத்து, மெழுகுபோல ஒன்றைப் பிரித்தெடுக்கிறார்கள். நூற்றுக்கணக்கான கிலோ பூவுக்கு ஒரு கிலோ மெழுகு. அது பிரான்ஸுக்கும் மற்ற தேசங்களுக்கும் போகிறது.

பேக்டரியில் கொடுக்கிற விலை பல நாட்களில் பறிகூலியைத் தாண்டிக் கொஞ்சம்தான் மிஞ்சும் என்று எங்கள் உறவுக்காரர் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். மூன்று ஏக்கர் மல்லிகை வைத்திருக்கிறார். பூ எடுக்க ஆள் கிடைக்கவில்லை, பெண்ணைக் கட்டிக் கொடுக்க வேண்டும், கூட்டுறவு பாங்கிக் கடன் நிற்கிறது. "ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குதுங்க மாப்பிள்ளை, ஒரே ரோசனை" என்றார். நாங்கள் பேசிக்கொண்டு நின்ற இடத்தைச் சுற்றி அன்றைக்குப் பறித்த இருபது கிலோ மல்லிகை, ஈரத்துணி போர்த்தி, வண்டிக்காகக் காத்திருந்தது.